சோற்றுக்குப் பயந்த வீடு

போன மாதம், புதிதாகக் குடும்பநல உத்தியோகத்தராக நியமனம் பெற்ற உங்களில் ஒருத்தி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். பின்னால் குழந்தைகள் அழுவது கேட்டது. கிளினிக்கின் நடுவில் வெளியே வந்து பேசுகிறாள் என்று விளங்கியது.

"மிஸ், அரிசியிலை நஞ்சு இருக்காம் எண்டு அம்மாமார் கேக்கினம். ஒருத்தி போனிலை வீடியோவும் காட்டுறா. நான் என்ன சொல்லுறது? கெதியாச் சொல்லுங்கோ."

கெதியாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பின்னேரம் எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். பின்னேரம் எடுத்தபோதும் அரைகுறையாகத்தான் பேசினேன். அன்று தொடங்கி மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. சமைக்கும்போதும் அதே யோசனை, படுத்தாலும் அதே யோசனை. அந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவள் வேறொருத்தி. அவளுக்கு நான் சொன்ன முதல் பதில் உதவவில்லை. அது எப்படி என்று உங்கள் எல்லோருக்கும் எழுதிவிடுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றை மாற்றவில்லை.

நானும் தீவுப்பகுதியில், தாய்மாரையும் குழந்தைகளையும் வீடு வீடாகவும் கிளினிக்கிலும் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவள். சனங்களுக்கு அந்த நீளப் பெயர் வாயில் வராது. 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்கள் இருந்த காலம் அது. எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. ஒரு கிழமை பிளாஸ்டிக் அரிசி என்று ஒரு செய்தி ஓடும். அடுத்த கிழமை களைகொல்லி என்று ஓடும். அதற்கடுத்த கிழமை ஆசனிக்கு என்ற நஞ்சு. சோற்றை உருட்டிச் சுவரில் எறிந்து, துள்ளுகிறதா என்று பார்த்த வீடுகளும் உண்டு. நாரந்தனைப் பக்கம் மாரியில் கொஞ்சம் நெல் விளையும். அது விதைத்தவர்களுக்கே காணாது. மற்ற எல்லோரும் கடையில் மூட்டை பார்த்து வாங்குகிறவர்கள்தான். எந்த வயலில் விளைந்தது, எந்த மில்லில் குற்றியது என்று கடைக்காரருக்கே தெரியாது. ஆகவே சனம் பயந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தப் பயத்தை நான் அப்போது பெரிதாக எடுக்கவும் இல்லை. 'பயப்பிடாதையுங்கோ' என்று சொல்லி அடுத்த பிள்ளையைத் தராசில் ஏற்றுவேன்.

சுருவில் என்ற ஊரில் நிரோஜா என்றொரு இளம் தாய் இருந்தாள். வவுனியாவுக்கு வடக்கே ஒரு வயற்கிராமத்தில் பிறந்து, இங்கே கல்யாணம் செய்து வந்தவள். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவள். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாள். ஊரே அவளை 'ரீச்சர்' என்றது. அவளுடைய கணவன் சுதன் ஓட்டோ ஓடினான். முதல் பிள்ளை கயல், பெண். தாய்ப்பாலில் கொழுகொழுவென்று வளர்ந்த பிள்ளை. மாதாமாதம் நிறையைக் குறிக்கும் அட்டையில் அவளுடைய கோடு மேலே மேலே போகும். மற்றத் தாய்மாருக்கு அதைத்தான் நான் காட்டுவேன்.

சாப்பாடு தொடங்கும் வயது வந்ததும் வழமைபோல மசித்த சோறு பற்றிச் சொன்னேன்.

"மிஸ்ஸி, நான் சோறு குடுக்கமாட்டன்" என்றாள்.

"ஏன் பிள்ளை?"

"அரிசியிலை ஆசனிக்கு இருக்கு. தண்ணி கட்டி நிக்கிற வயலிலை வேர் அதை உறிஞ்சும். சின்னப் பிள்ளையளுக்கு அதிகம் குடுக்கக்கூடாது எண்டு வெளிநாடுகளிலை சொல்லுகினம்."

அவள் சொன்னது பொய் இல்லை. அது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று நான் சிரித்தேன். "நாங்கள் எல்லாரும் தின்னு வளந்ததுதானே. உந்த வீடியோவளைப் பாத்துப் பயப்பிடாதையும்" என்றேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு வந்த கிளினிக்கில் கயலின் கோடு படுத்துவிட்டது. அடுத்த மாதம் கீழே இறங்கியது. பிள்ளை சோர்ந்து, தாயின் தோளில் முகத்தை வைத்தபடி கிடந்தது. என்ன கொடுக்கிறீர் என்று கேட்டேன். அவித்த அப்பிள், உருளைக்கிழங்கு, வாழைப்பழம் என்றாள். பிள்ளை ஒன்றையும் நிறைவாகத் தின்னவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். பேசினேன் என்றா சொன்னேன்? விவாதித்தேன். நான் ஒன்று சொல்ல, அவள் போனில் ஒன்றைக் காட்டினாள். சுதன் குசினி வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வெளியே வரும்போது நான் வென்றேனா தோற்றேனா என்று தெரியவில்லை. பிள்ளையின் நிறை என்னவோ தோற்றுக்கொண்டுதான் இருந்தது.

பிறகு தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசத் தொடங்கிய மாதம். சனசமூக நிலையத்துக் கட்டிடத்தில் கிளினிக். சாளரக் கதவுகள் அடித்தபடி இருந்தன. காகிதங்கள் பறக்காமல் கல் வைத்திருந்தோம். நிரோஜா வந்து கயலைத் தராசில் வைத்தாள். முள் போன இடத்தைப் பார்த்துவிட்டு நான் பிள்ளையை இறக்கி இன்னொருமுறை வைத்தேன். நிறை கூடியிருந்தது. நன்றாகவே கூடியிருந்தது. அட்டையில் கோட்டை மேலே கீறினேன்.

நிரோஜாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அத்தனை நாளும் ஊரும் வீடும் நானும் சொன்னதைத் தாங்கிக்கொண்டு நின்றவள் அல்லவா? "பாத்தீங்களோ மிஸ்ஸி, சோறு இல்லாமலே கூடியிருக்கு" என்றாள். மர வாங்குகளில் இருந்த தாய்மார் எழும்பி அவளைச் சுற்றிக்கொண்டார்கள். என்ன குடுத்தனீர், எப்பிடி அவிக்கிறது, எத்தினைதரம் ஊட்டுறது என்று கேள்விக்கு மேல் கேள்வி.

அந்த நேரம் பார்த்து வெளியே நின்ற சுதன் எனக்குக் கையைக் காட்டினான். ஓட்டோவுக்குப் பக்கத்தில் போனேன். அவன் முகம் வெளிறியிருந்தது.

"மிஸ்ஸி, ஆரிட்டையும் சொல்லாதைங்கோ. நான்தான் பிள்ளைக்குச் சோறு குடுக்கிறன்."

"என்ன சொல்லுறீர்?"

"காத்து வாங்கக் கொண்டுபோறன் எண்டு சொல்லிப்போட்டு நாரந்தனையிலை அக்கா வீட்டை கொண்டுபோவன். அக்கா பருப்பும் மீனும் போட்டு மசிச்சுத் தருவா. பிள்ளை ஆவெண்டு தின்னுது மிஸ்ஸி. பாத்துக்கொண்டு இருக்க ஏலாமல் போச்சுது. நிரோக்குத் தெரிஞ்சால் என்னை விட்டிட்டுப் போயிடுவா."

அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் அவனை ஏசவில்லை. ஒரு தகப்பன் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டியதற்கு நான் எப்படி ஏசுவேன்? அந்த வேளையில் என் மனம் சொன்னது இதுதான்: பிள்ளை தேறிவிட்டது, தாய்க்கும் சந்தோசம், தகப்பனும் கவனமாக இருக்கிறான், பேசாமல் விடு.

ஆனால் சாளரத்தால் நிரோஜாவின் குரல் வந்துகொண்டிருந்தது. "அரிசியை முழுசா நிப்பாட்டுங்கோ. கொஞ்ச நாள் நிறை குறையும், பயப்பிடாதைங்கோ, பிறகு கூடும். என்ரை பிள்ளையைப் பாருங்கோ."

அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி ஜெசிந்தா. கணவன் கடற்தொழில். அவளுடைய மகன் ஜெரோமுக்குக் கோடு ஆரம்பத்திலிருந்தே ஓரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் இறங்கினாலும் ஆபத்தான பிள்ளை.

உள்ளே போய், அவ்வளவு பேருக்கும் நடுவில், 'அந்தப் பிள்ளை சோறு தின்னுதான் கூடியது' என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நிரோஜா அவமானப்பட்டு வெளியேறுவாள். அதற்குப் பிறகு தடுப்பூசிக்குக்கூட அந்தப் பிள்ளையை என்னிடம் கொண்டுவர மாட்டாள். ஒரு குடும்பத்தை ஊர் நடுவில் உடைத்தவள் என்று எந்த வீடும் என்னை நம்பிக் கதவைத் திறக்காது. இதெல்லாம் அந்தச் சில நொடிகளில் தலைக்குள் ஓடியது. சுதனிடம் சொன்னேன்:

"நான் உள்ளை போய்ச் சொல்லமாட்டன். ஆனா நீர் சொல்லவேணும். இண்டைக்கே, வீட்டிலை வைச்சு. உம்மடை பிள்ளையைப் பாத்து மற்றப் பிள்ளையளும் இப்ப பட்டினி கிடக்கப்போகுதுகள், விளங்குதோ?"

"ஓம் மிஸ்ஸி" என்றான். அவன் சொன்ன விதத்திலேயே அவன் சொல்லமாட்டான் என்று தெரிந்தது.

உள்ளே போய்ப் பொதுவாகச் சொன்னேன்: ஒருவரும் தங்கள் பாட்டில் சோற்றை நிப்பாட்ட வேண்டாம், என்னோடு கதையாமல் சாப்பாட்டை மாற்ற வேண்டாம் என்று. ஜெசிந்தா என்னைப் பார்த்து, "நீங்கள்தானே மிஸ்ஸி இப்ப அந்தக் கோட்டைக் கீறினீங்கள்?" என்றாள். கேலியாக இல்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டாள். நான் அடுத்த பிள்ளையின் அட்டையை எடுத்தேன். உண்மையை மூடிவைத்துக்கொண்டு புத்தி சொல்லும்போது குரல் எப்படி வலுவிழந்து போகும் என்று அன்றுதான் கண்டேன்.

மறுநாள் ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போய், ஜெரோமுக்குச் சோறு கொடுக்கச் சொன்னேன். "ஓம் மிஸ்ஸி, குடுக்கிறன்" என்றாள். அடுப்பில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் திரும்பினேன். ஸ்கூட்டியில் வரும் வழியெல்லாம் காற்று எதிராக அடித்தது. மேலதிகாரிக்கு அழைத்து விசயத்தைச் சொன்னேன். "நிறை கூடினதுதானே? புருசன் பெண்சாதிக்குள்ளை நாங்கள் போகத் தேவையில்லை, விடும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குக் கீழே எங்களைப் போல எத்தனையோ பேர், எத்தனையோ கிளினிக்குகள். ஆனால் அந்த 'விடும்' எனக்குள் இறங்கவில்லை. அந்தக் கிழமை நான் எந்த வீட்டில் இருந்தாலும் மனம் சுருவிலில்தான் நின்றது. சுதனுக்கு இரண்டொருமுறை அழைத்தேன். ஓட்டத்தில் நிக்கிறன், பிறகு எடுக்கிறன் என்பான். எடுக்க மாட்டான்.

பிறகு ஒரு காலை, ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. ஜெரோமை வயிற்றோட்டத்துடன் சேர்த்திருக்கிறார்கள்.

வார்டுக்குப் போனபோது பிள்ளைக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. ஜெசிந்தா கட்டிலின் விளிம்பில் இருந்தாள். என்னைக் கண்டதும் அழத் தொடங்கினாள்.

"ரீச்சர் சொன்னதைத்தான் செய்தனான் மிஸ்ஸி. சோறே குடுக்கேல்லை."

"அப்ப என்ன குடுத்தனீர்?"

"அப்பிளுக்கு நாங்கள் எங்கை போறது? பிஸ்கட்டைத் தேத்தண்ணியிலை தோய்ச்சுக் குடுத்தன். சிலநேரம் கோதுமை மாக்கஞ்சி."

நிரோஜாவின் யோசனை அவளுடைய வீட்டிலிருந்து இவளுடைய வீட்டுக்கு வரும்போது என்னவாகிவிட்டது பார்த்தீர்களா? வயிற்றோட்டம் எந்தப் பிள்ளைக்கும் வரும். உடம்பில் பிடிப்பு உள்ள பிள்ளை தாங்கும். இந்தப் பிள்ளையிடம் தாங்குவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. டொக்டர், பிழைத்துவிடுவான், ஆனால் ஒரு நாள் பிந்தியிருந்தால் சொல்ல ஏலாது என்றார்.

நான் வேறெங்கும் போகாமல் நேரே சுருவிலுக்குப் போனேன். சுதன் வீட்டில் நின்றான். பாடம் முடிந்து பிள்ளைகள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். நிரோஜா சிரித்தபடி கதிரையை இழுத்துப் போட்டாள். கயல் நிலத்தில் இருந்து ஒரு சிரட்டையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சுதன், நீர் சொல்லுறீரோ, நான் சொல்லட்டோ?" என்றேன்.

அவன் சுவரைப் பார்த்தான். பிறகு சொன்னான். அக்கா வீடு, மீன், பருப்பு, எல்லாம். சொல்லி முடிக்கும்வரை நிரோஜா அசையவில்லை. சத்தம் போடுவாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவாள் என்று நான் எதற்கும் ஆயத்தமாக இருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்:

"எந்த அரிசி?"

சுதனுக்குத் தெரியவில்லை. "அக்கா கடையிலை வாங்கிறது" என்றான்.

"எந்த ஊர் அரிசி எண்டு கேக்கிறன்."

"தெரியாது நிரோ."

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு பேசினாள். எங்கள் இருவரையும் பார்க்காமல், பிள்ளையைப் பார்த்தபடி பேசினாள்.

அவளுடைய அப்பா வயல் செய்தவர். சீனி வருத்தமோ பிரசரோ ஒன்றும் இல்லாத மனிதர். ஒருநாள் கால் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே வருத்தம். அந்த வீதியில் இன்னும் பலருக்கு. இரத்தம் சுத்திகரிக்கக் கிழமைக்குக் கிழமை பஸ்ஸில் கூட்டிப்போனது இவள்தான். தாய் இல்லாத வீடு. சமைத்ததும் இவள்தான்.

"எங்கடை வயல் அரிசி, எங்கடை கிணத்துத் தண்ணி. நல்ல சாப்பாடு எண்டு நான்தான் ஒவ்வொரு நாளும் அவிச்சுக் குடுத்தனான். செத்த பிறகு ஆரோ வந்து மண் எடுத்தினம், தண்ணி எடுத்தினம். ஒருத்தர் தண்ணி எண்டார், ஒருத்தர் உரம் எண்டார், ஒருத்தர் அரிசியும் எண்டார். ஒருத்தருக்கும் தெரியேல்லை. தெரியாத ஒண்டை நான் எப்பிடி மிஸ்ஸி என்ரை பிள்ளையின்ரை வாயிலை வைப்பன்?"

சுதன் நிலத்தில் குந்திவிட்டான். மாமனார் வருத்தத்தில் செத்தது அவனுக்குத் தெரியும். இவள் மனதில் அது இந்த வடிவத்தில் கிடக்கிறது என்று தெரியாது. எனக்கும் தெரியாது. மாதக்கணக்காக அவளோடு அரிசியைப் பற்றி வாதாடியிருக்கிறேன். 'உமக்கு ஏன் இந்தப் பயம்?' என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. போனில் பார்த்ததால் வந்த பயம் என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன்.

"நிரோஜா, உம்மடை கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாது" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்னிடமிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவள் எதிர்பார்க்கவில்லை.

"இந்த மூட்டையிலை என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு எண்டு எனக்குத் தெரியாது. ஆரும் சோதிச்சு எனக்குச் சொன்னதும் இல்லை. ஆனா இந்த வயதிலை பிள்ளை வயிறு நிறையாமல் கிடந்தால் என்ன வரும் எண்டு தெரியும். அதை நான் கண்ணாலை கண்டிருக்கிறன்."

"நீங்கள் உங்கடை பிள்ளையளுக்குக் குடுத்தனீங்களோ?"

"குடுத்தனான். அப்ப இந்தக் கேள்வியே எனக்குத் தெரியாது. இப்ப எண்டாலும் குடுப்பன். ஆனா சோத்தை மட்டும் நம்பிக் குடுக்கமாட்டன்."

அதற்குப் பிறகுதான் நாங்கள் உண்மையாகக் கதைத்தோம். அவள் படித்ததில் இருந்த நல்லதை நான் முதன்முதலாகக் கேட்டேன். நிறையத் தண்ணீரில் அவித்து வடித்தால் ஆசனிக்குக் குறையுமாம் என்றாள். "ஆனா பவுசர் வாற நாளைப் பாத்துத் தண்ணி பிடிக்கிற ஊரிலை, சோத்துக்கு அவ்வளவு தண்ணிக்கு எங்கை போறது? அதோடை வடிச்ச கஞ்சியைத்தானே எல்லாரும் பிள்ளைக்குப் பருக்கச் சொல்லுகினம்?"

நல்ல கேள்வி. இத்தனை வருடம் தாய்மாருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு அது தோன்றியதே இல்லை. இருவரும் சேர்ந்து யோசித்தோம். பிள்ளைக்கு வேண்டியது ஒரு சிறங்கை அரிசி. அதைச் சின்னச் சட்டியில் தனியாக அவித்தால் தண்ணீரும் கொஞ்சம்தான் போகும். வடித்த கஞ்சியை விட்டுவிட்டுச் சோற்றை மசித்துக் கொடுக்கலாம்; அந்தத் தண்ணிக் கஞ்சியில் எப்படியும் பிள்ளைக்குச் சத்துக் குறைவு. ஒரே கடையில் ஒரே அரிசியை வாங்காமல் மாற்றலாம். ஒரு நேரம் சோறு, ஒரு நேரம் குரக்கன், ஒரு நேரம் பயறு. மீன், முட்டை, முருங்கையிலை, பூசணி. தாய்ப்பாலை விடக்கூடாது. அவள் யோசித்து யோசித்துத் தலையாட்டினாள். பயம் போனதால் ஆட்டவில்லை. பயத்தோடு செய்யக்கூடிய ஒன்று கையில் கிடைத்ததால் ஆட்டினாள்.

ஜெரோமைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் எழும்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்பாவின் சாவைத் தன் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறவளிடம் இன்னொரு பிள்ளையையும் கொண்டுபோய் வைப்பதா? ஆனால் சுதனின் களவை மூடிவைத்ததில்தான் இது இவ்வளவு தூரம் வந்தது. இன்னொன்றை மூட எனக்கு மனம் வரவில்லை.

"ஜெசிந்தான்ரை மகன் ஆஸ்பத்திரியிலை. பிழைச்சிடுவான். உம்மடை யோசனையைக் கேட்டுச் சோத்தை நிப்பாட்டினவ. பிள்ளை மெலிஞ்ச நேரத்திலை வயித்தோட்டம் வந்திட்டுது."

நிரோஜா எழும்பி அறைக்குள் போனாள். கைப்பையோடு வெளியே வந்தாள். கயலைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"ஓட்டோவை எடுங்கோ" என்றாள் சுதனிடம். அதுதான் அன்று அவனிடம் அவள் பேசிய கடைசி வார்த்தை.

வார்டில் நானும் பக்கத்தில் நின்றேன். நிரோஜா கட்டிலருகே போய், சுற்றி இருந்தவர்களைப் பாராமல், தெளிவாகச் சொன்னாள்.

"அக்கா, என்ரை பிள்ளை சோறு தின்னுதான் நிறை கூடினது. எனக்குத் தெரியாமல் இவர் குடுத்திருக்கிறார். நான் அது தெரியாமல் உங்களுக்குச் சொல்லிப்போட்டன்."

ஜெசிந்தா அவளையும் வாசலில் நின்ற சுதனையும் பார்த்தாள். அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் சிவந்தது.

"உமக்கு அப்பிள் வாங்க ஏலும். களவாச் சோறு குடுக்க ஒரு மனுசனும் இருக்கு. என்ரை மனுசன் கடலிலை. என்ரை பிள்ளைக்கு ஆர் களவாக் குடுக்கிறது?"

நிரோஜா அங்கிருந்து போகவில்லை. ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்க, அவள் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். பிறகு ஜெசிந்தா துணி கழுவப் போனபோது ஜெரோமின் சேலைன் கையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டாள். மறுநாளும் போயிருக்கிறாள். பயறும் மீனும் போட்டு மசித்த சோறு கொண்டுபோயிருக்கிறாள். முதல் நாள் ஜெசிந்தா வாங்கவில்லை. அடுத்த நாள் வாங்கினாள் என்று தாதியார் சொன்னார்.

அடுத்த கிளினிக்கில் நான் கேளாமலே நிரோஜா எழும்பி நின்று எல்லோருக்கும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சிலர் சுதனை நினைத்துச் சிரித்தார்கள். பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி, "அப்ப மிஸ்ஸி, அரிசியிலை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

'ஒன்றும் இல்லை' என்று சொல்வது எவ்வளவு லேசு! எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். அடுத்த வீடியோ வரும்வரை.

"இல்லை எண்டு சொல்ல என்னட்டை ஆதாரம் இல்லை" என்றேன். "இருக்கு எண்டு பிள்ளையைப் பட்டினி போடவும் விடமாட்டன். எப்பிடிச் சமைக்கிறது, என்ன கலந்து குடுக்கிறது எண்டு சொல்லுறன், அப்பிள் இல்லாத வீட்டுக்கும் சேத்து." அந்த விளக்கத்தில் பாதியை நிரோஜாதான் சொன்னாள். ஒருசிலருக்குத் திருப்தி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒருத்தி, மிஸ்ஸிக்கே தெரியாதாம் என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள். போகட்டும். அடுத்த மாதம் அவளும் பிள்ளையோடு வந்தாள்.

நிரோஜா இன்னொன்றும் கேட்டாள். எங்கள் கடைகளில் விற்கும் அரிசியை ஒருமுறையாவது சோதிக்க ஏலாதா என்று. சுகாதாரப் பரிசோதகர் மூலம் கேட்டு மேலே அனுப்பினோம். நான் ஓய்வுபெறும்வரை என் காதுக்கு ஒரு பதிலும் வரவில்லை. பதில் வராத கேள்வியை மறந்துபோவது எங்கள் வேலையில் எல்லோருக்கும் பழகிவிடும். தயவுசெய்து பழகிக்கொள்ளாதீர்கள். உங்கள் தாய்மார் கேட்டால் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் திரும்பக் கேளுங்கள். அந்த எரிச்சலை அலுவலகங்கள் தாங்கும். தாய்மாரைத்தான் வெறும் ஆறுதலோடு அனுப்பக்கூடாது.

உங்களில் சிலர், நான் சுதனுக்கு அந்தக் கிழமை அவகாசம் கொடுத்தது சரியா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அன்று பின்னேரமே அந்த வீட்டுக்குப் போய் இருவருக்கும் நடுவில் இருந்திருக்கலாம். கிளினிக்கில் போட்டு உடைத்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்றும் நினைக்கிறேன். இரண்டுக்கும் இடையில் எந்த நேரத்தில் கதவைத் தட்டுவது என்பதை ஒரு பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள். அது உங்கள் தலையில்தான் விழும்.

ஜெரோம் தேறினான். அவனுடைய கோடு இன்னும் மெதுவாகத்தான் ஏறியது, ஆனால் ஏறியது. நிரோஜா சுதனோடு நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். கயலைக் காற்று வாங்கக் கொண்டுபோவதையும் அவன் விட்டுவிட்டான். பிறகு ஒருநாள் மூன்று பேரும் நாரந்தனைக்கு, அந்த அக்கா வீட்டுக்கே, சாப்பிடப் போயிருந்தார்கள் என்று அறிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

போன வருடம் ஊர்காவற்றுறை பஸ் தரிப்பிடத்தில் நிரோஜாவைக் கண்டேன். இடுப்பில் இரண்டாவது பிள்ளை, ஆண். சோறு தொடங்கும் வயது.

"தொடங்கீட்டீரோ?" என்று கேட்டேன்.

"ஓம் மிஸ்ஸி. நான்தான் ஊட்டுறன். ஒருத்தரையும் விடுறேல்லை." பிள்ளையின் வாயைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "முதல் வாய் வைக்கேக்கை இப்பவும் அப்பான்ரை முகம் வரும். கை அப்பிடியே நிண்டிடும்."

"பிறகு?"

"இவன் விடமாட்டான் மிஸ்ஸி. என்ரை கையைப் பிடிச்சுத் தன்ரை வாய்க்கு இழுப்பான்."